தடை தடை என்று துள்ளுகிறவர்களுக்கு

கிழக்கு லண்டனில், முஸ்லிம்கள் நிறைய இருக்கிற வைற்சப்பலுக்குள் யூகிப் என்ற வலதுசாரிக் கட்சி ஊர்வலம் போகப் பார்த்த விசயத்தில் வாய் திறப்பதில்லை என்றுதான் இருந்தேன். எங்கட ஆட்கள் "இனவாதிகளுக்குத் தடை, பொலிஸுக்கு நன்றி" என்று படம் போட்டுத் தள்ளுவதைப் பார்த்தபிறகு பொறுமை போய்விட்டது. தடை எங்கே போட்டார்கள்? அந்த உத்தரவை ஒருத்தராவது வாசித்தீர்களா?

2025 ஒக்ரோபர் 25 யூகிப் ஊர்வலத்துக்கு ஒருவரும் தடை போடவில்லை. வைற்சப்பல் இருக்கிற டவர் ஹம்லெற்ஸ் கவுன்சில் பகுதிக்குள் வரக்கூடாது என்று மட்டும்தான் பொலிஸ் சொன்னது. அதே சனிக்கிழமை அவர்கள் மத்திய லண்டனில், கென்சிங்ரன் பக்கம், கொடியோடு நடந்து, கத்த வேண்டியதைக் கத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். அதுதான் சரி என்கிறேன். போகட்டும். எந்தத் தெருவால், எத்தனை மணிக்கு, என்ன உடுப்பில் என்பதைத்தான் இறுக்கிப் பிடிக்க வேண்டும். இதைச் சொன்னதற்கு "அண்ணை, எப்ப இருந்து அவங்களுக்கு வக்காலத்து?" என்று ஒரு தம்பி கீழே கேட்டிருக்கிறார். ஆறுதலாக இருந்து வாசியுங்கோ தம்பி.

இந்த நாட்டில் ஊர்வலத்துக்கு அனுமதி என்று ஒன்று கிடையவே கிடையாது. "பொலிஸ் ஏன் பெர்மிஷன் குடுத்தது" என்று கொதிக்கிறவர்கள் இதை முதலில் காதில் போட்டுக்கொள்ளுங்கள். 1986ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டத்தின் 11ஆம் பிரிவு கேட்பது அறிவித்தல் மட்டும். முழுதாக 6 நாட்களுக்கு முன்பு, எழுத்தில், திகதி, தொடங்கும் நேரம், பாதை, ஏற்பாட்டாளர் ஒருவரின் பெயர், விலாசம். நடக்காமல் ஓரிடத்தில் கூடி நிற்பதென்றால் அதுவும் வேண்டாம். பிறகு பொலிஸின் கையில் இருப்பது நிபந்தனை போடும் அதிகாரம். பாரதூரமான குழப்பம் வரும், சொத்துக்குப் பெரிய சேதம் வரும், அந்தப் பகுதிச் சனத்தின் வாழ்க்கை குழம்பும், அல்லது ஆட்களை மிரட்டுவதுதான் நோக்கம் என்று நியாயமாக நம்பினால் பாதையைத் திருப்பலாம், நேரத்தை வெட்டலாம், இன்ன இடத்துக்குள் நுழையாதே என்று சொல்லலாம். நிபந்தனை எனக்குத் தெரியாது என்று கையை விரித்துத் தப்புவது முன்பு சுலபம். 2022இல் சட்டத்தைத் திருத்தி, தெரிந்திருக்க வேண்டியதைத் தெரியாது என்று சொன்னாலும் குற்றம் என்றார்கள். இப்போது ஒவ்வொரு ஊர்வலத்துக்கு முன்பும் பொலிஸ் வரைபடம் வரைந்து இணையத்தில் போடுவது சும்மா இல்லை.

முழுத் தடை 13ஆம் பிரிவில் இருக்கிறது. நீங்கள் ஆசைப்படுகிற சாமான் அதுதான். அது எப்படி வேலை செய்யும் தெரியுமா? நிபந்தனைகள் போதாது என்று பொலிஸ் ஆணையாளர் கருதி, உள்துறை அமைச்சர் சம்மதித்தால், அதிகபட்சம் மூன்று மாதத்துக்கு. அதில் ஒரு அமைப்பின் பெயரை மட்டும் எழுதித் தடுக்க முடியாது. அந்தப் பகுதியில் எல்லா ஊர்வலங்களும், அல்லது ஒரு வகை ஊர்வலங்கள் எல்லாமும் நிற்கும். 2011 செப்டெம்பரில் முஸ்லிம் எதிர்ப்பு அமைப்பான ஈடிஎல் (இங்கிலிஷ் டிஃபென்ஸ் லீக்) வருகிறது என்று அப்போதைய உள்துறை அமைச்சர் தெரேசா மே 30 நாளுக்கு அதைத்தான் செய்தார். டவர் ஹம்லெற்ஸோடு நியூஹாமும் சேர்த்து ஐந்து கவுன்சில் பகுதிகள். ஈடிஎல் வராமல் விட்டதா? டவர் ஹம்லெற்ஸின் எல்லையில் இருக்கிற அல்கேற்றில் வந்து நின்றுகொண்டு கூட்டம் போட்டது, ஏனென்றால் நிற்பதைத் தடுக்க 13ஆம் பிரிவில் வழியில்லை. நியூஹாமில், ஈஸ்ற்ஹாமில் இருக்கிற நாங்கள் அந்த மாதம் எதற்காகவாவது ஊர்வலம் போக நினைத்திருந்தால்? மூச்சு விட்டிருக்க முடியாது. நல்ல தடை.

2013இல் நிபந்தனை போட்டு, அல்கேற்றுக்கு அங்கால் வராதே என்றார்கள். ஈடிஎல் நீதிமன்றம் போய்த் தோற்றது. ரவர் பிரிட்ஜைத் தாண்டி வந்து, சொன்ன இடத்தில் நின்று, திரும்பியது. அன்று கைதான 280க்கு மேற்பட்டவர்களில் பெரும்பாலானோர் எதிர்ப்புக்குப் போனவர்கள். தங்களுக்கு ஒதுக்கிய பாதையை விட்டுப் பக்கத் தெருக்களுக்குள் இறங்கியதுதான் காரணம். யார் நல்லவர் என்று தெருவுக்குத் தெரியாது.

பாதை பாதை என்று ஏன் சாகிறேன் என்றால் வைற்சப்பல் றோட்டை ஒருக்கால் நடந்து பாருங்கள். ஒரு பக்கம் ஈஸ்ற் லண்டன் மசூதி. அதே பக்கம் கொஞ்சம் தள்ளி, படுகாயப்பட்டவர்களை ஹெலிகொப்ரரில் கொண்டுவந்து இறக்குகிற றோயல் லண்டன் ஆஸ்பத்திரி. எதிரே சனிக்கிழமைச் சந்தை, நடைபாதையில் இரும்புக் கம்பிச் சட்டமும் பழப்பெட்டியுமாகத் தட்டுக்கடைகள். அங்கே இரண்டு கூட்டத்துக்கு நடுவில் ஆளில்லாத ஒரு வெளியை எப்படி எடுப்பீர்கள்? தடுப்பு வேலியை இரண்டு வரிசை போட்டு நடுவில் பொலிஸ் நிற்க வேண்டும், ஒரு பக்கம் எறிகிற போத்தல் மறுபக்கம் போய் விழாத அளவுக்கு இடைவெளி வேண்டும். அம்புலன்ஸுக்கு ஒரு வழி முழுநேரமும் திறந்திருக்க வேண்டும். கம்பியும் பெட்டியும் கையெட்டும் தூரத்தில் இருந்தால் அவ்வளவுதான்.

ஊர்வலத்தில் ஆபத்தான நேரம் நடக்கிற நேரம் இல்லை. கூடுகிற நேரமும் கலைகிற நேரமும்தான். அமெரிக்காவில் சார்லட்ஸ்வில், 2017 ஓகஸ்ற் 12. வெள்ளை இனவெறியர்களைப் பூங்காவை விட்டுக் கலைத்த பொலிஸ், எதிர்ப்பாளர்கள் நின்ற மார்க்கெற் தெருப் பக்கமே தள்ளிவிட்டது. வெளியேறும் வழி தனியாக இல்லை. வாகனம் வராமல் மறிக்க வேண்டிய ஒரு சந்தியில் நிறுத்தியிருந்தது ஒரே ஒரு பெண் அதிகாரியை. தனக்கு ஆபத்து என்று அவர் விலகியபிறகு மிஞ்சியது சின்ன மரத் தடுப்பு ஒன்று. அந்தத் தெருவால் காரை ஓட்டிவந்து ஹெதர் ஹையரைக் கொன்றான் ஒருத்தன். மண் ஏற்றின லொறி ஒன்றைக் குறுக்கே விட்டிருந்தால் போதும். இதெல்லாம் "அனுமதிக்கலாமா கூடாதா" என்று தொலைக்காட்சியில் மேசை தட்டுகிறவர்களுக்குச் சுவாரசியமில்லாத விசயங்கள். லண்டனில் 2025 செப்டெம்பர் 13, தீவிர வலதுசாரி ரொமி றொபின்சனின் ஊர்வலத்தில் பார்த்தோமே. பொலிஸ் கணக்கில் 110,000 இலிருந்து 150,000 பேர். வைற்ஹோல் தெருவுக்குள் அத்தனை பேர் கொள்ளவில்லை. மிஞ்சினவர்கள் சுற்றிவந்து எதிர்ப்பாளர் பக்கம் நெருக்கியதில் 26 பொலிஸார் காயம். ஒரு தெரு எத்தனை பேரைத் தாங்கும் என்ற கணக்கு பிழைத்தால் பேச்சுச் சுதந்திரம் பற்றிய தத்துவம் உதவாது.

"ஹிட்லரை ஆரம்பத்திலேயே தடுத்திருந்தால்?" வந்துவிட்டது, ஒவ்வொரு முறையும் வரும். தடுத்தார்கள் ஐயா. 1932 ஏப்ரலில் ஹிட்லரின் எஸ்ஏ என்ற சீருடைப் படையையே தடை செய்தார்கள், யூனில் அடுத்த அரசாங்கம் எடுத்துவிட்டது. யூலை 17 ஹம்பேர்க்குக்குப் பக்கத்தில் அல்ரோனாவில், கம்யூனிஸ்ற் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு ஊடாகவே ஆயிரக்கணக்கில் நடக்க விட்டார்கள். 18 பேர் செத்தார்கள், பெரும்பாலும் பொலிஸ் சூட்டில். எங்கே நடக்கவிட்டார்கள் என்று பாருங்கள்.

கிழக்கு லண்டன் கேபிள் ஸ்ற்றீற்றையும் எல்லோரும் இழுக்கிறீர்கள். 1936 ஒக்ரோபர் 4 அங்கே சண்டை நடந்தது பொலிஸுக்கும் மறித்த சனத்துக்கும் இடையில். ஊர்வலம் வந்த பாசிஸ்ற் தலைவர் மோஸ்லியை மேற்கே திருப்பி அனுப்பியது பொலிஸ் ஆணையாளர். மறித்த சனம் இல்லாவிட்டால் திருப்பியிருக்க மாட்டார் என்பது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் பிறகு வந்த சட்டம் 1937 ஜனவரி 1 இலிருந்து அரசியல் சீருடையைத் தடை செய்தது. மோஸ்லியின் ஆட்களின் கறுப்புச் சட்டை கழன்றது. அந்தப் பிரிவு இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது, 1975இல் கறுப்புத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஐரிஷ்காரருக்கு எதிராக நீதிமன்றத்தில் நின்றது.

அப்படியென்றால் யூகிப் நடந்த அதே சனிக்கிழமை வைற்சப்பலில் கறுப்பு உடுப்பும் முகமூடியுமாக வரிசையாக வந்த பெடியங்களை என்ன சொல்வது? "அது தற்காப்பு". ஓகோ. முகமூடியைக் கழற்றச் சொல்ல 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 60ஏஏ பிரிவு இருக்கிறது. எதிர்ப்பக்கம் போட்டால் கழற்று, எங்கட பக்கம் போட்டால் வீரம் என்றால் நாளைக்குப் பொலிஸ் யாரை நம்பும்? இதற்கும் எனக்கு ஏச்சு விழும், விழட்டும்.

வட அயர்லாந்தில் இதற்கென்றே ஒரு ஆணைக்குழு வைத்திருக்கிறார்கள். 1998ஆம் ஆண்டுச் சட்டம். ஊர்வலத்துக்கு 28 நாள் முன்பே அறிவித்தல், எதிர்ப்புக்கு 14 நாள். தேவாலயத்தைத் தாண்டும்போது பாட்டு வாசிக்காதே, ஒற்றை மேளத் தட்டு மட்டும் என்றெல்லாம் எழுதிக் கொடுப்பார்கள். அங்கே ஊர்வலம் போகிற புரட்டஸ்தாந்து அமைப்பான ஒரேஞ்ச் ஓடரைத் தீவிரவாதிகள் என்று நான் சொல்லவில்லை, யாரும் கிளம்பிவர வேண்டாம். ட்ரம்கிறியில் கார்வகி றோட்டால் அவர்களை 1998 இலிருந்து விடவில்லை. அமைப்பு இருக்கிறது, ஊர்வலம் இருக்கிறது, அந்தத் தெரு மட்டும் இல்லை.

எங்கட இலங்கையில்? பொலிஸ் கட்டளைச் சட்டம் 77ஆம் பிரிவு, ஊர்வலத்துக்கு 6 மணித்தியால அறிவித்தல். இங்கே 6 நாள், அங்கே 6 மணித்தியாலம். ஆனால் தடுக்கிற அதிகாரமும் அதே பிரிவில் உண்டு. 2014 யூன் 15, அளுத்கம. பௌத்த தீவிர அமைப்பான பொதுபல சேனாவின் கூட்டத்தை விடாதீர்கள் என்று முஸ்லிம் ஆட்கள் முன்கூட்டியே கேட்டார்கள். கூட்டத்தையும் விட்டு, முடிந்தபிறகு தர்கா நகர்ப் பக்கம் போகவும் விட்டார்கள். நாலு பேர் செத்து, 80 பேர் வரை காயம். குறைந்தது அந்தப் பாதையையாவது மறித்திருக்கலாம். அதைப் பற்றி அன்று ஒரு வரி எழுதாத தமிழர்கள் இன்றைக்கு லண்டனில் முற்போக்கு. சரி, விடுவோம்.

விடவும் முடியவில்லை. 2009 ஏப்ரல் 6 பாராளுமன்றச் சதுக்கத்தில் போய் இருந்தது யார்? அங்கே கூடுவதற்கு அப்போது முன்கூட்டியே அங்கீகாரம் வேண்டும் என்று தனிச் சட்டம் இருந்தது. வெஸ்ற்மினிஸ்ரர் பாலத்தை மறித்தோம். 2001இல் தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் கொடி எத்தனை பேர் கையில் இருந்தது? அதற்குச் சட்டத்தில் 6 மாதம் வரை சிறை இருக்கிறது. இங்கிலிஷ் பேப்பர்களும் கொழும்பும் எங்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று மறந்து போச்சா? ஏப்ரல் 11 ஊர்வலத்துக்கு ஒரு இலட்சம் பேர் வந்தார்கள். பிள்ளை வண்டிலோடு வந்த தாய்மாரையும் அந்தப் பெயருக்குள்தான் போட்டார்கள். "தீவிரவாதிகள் ஊர்வலம் போகக் கூடாது" என்று ஒரு வரிச் சட்டம் அன்று இருந்திருந்தால் முதல் ஆள் நாங்கள். 2025 ஓகஸ்ற் 9 அதே சதுக்கத்தில் பலஸ்தைன் அக்ஷன் என்ற, அப்போது தடைசெய்யப்பட்டிருந்த அமைப்புக்கு ஆதரவாக அட்டை பிடித்ததற்கு ஒரே நாளில் 500க்கு மேல் கைது, அதில் தலை நரைத்தவர்கள் எத்தனை பேர். பெயரை வைத்துத் தடுத்தால் அப்படித்தான் முடியும்.

"கென்சிங்ரன்காரருக்கு மட்டும் பயமில்லையோ, பிரச்சினையை அங்கே தள்ளிவிட்டால் சரியோ?" அங்கே வீதி அகலம், ஹைட் பார்க் பக்கத்தில், கடைக்காரருக்கு நல்ல காப்புறுதியும் இருக்கும். அடுத்த கேள்வி.

பொலிஸ் செலவைக் கேட்கிறவர்கள் வருசா வருசம் லண்டன் தெருவில் நடக்கிற நொற்றிங்ஹில் கார்னிவலுக்கும் அதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கட்டும்.

இனிமேல் கீழே வந்து "வக்காலத்து" என்று எழுத நினைக்கிறவர்கள் 13ஆம் பிரிவை முதலில் வாசித்துவிட்டு வாருங்கள். நீளமில்லை, தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.