முதலாளி போஸைத் திட்டுவது சுலபம்

டச்சு நாடகாசிரியர் ஹெர்மன் ஹெய்யர்மான்ஸின் 'ஒப் ஹோப் ஃபான் சேகன்' நாடகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் க்னீர்த்யே என்கிற விதவைத் தாயின் கண்ணீரோடு நின்றுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்த நாடகத்தில் கவனிக்க வேண்டிய ஆள் கப்பல் முதலாளி போஸ்தான்.

நாடகம் 1900 டிசம்பர் 24 அன்று ஆம்ஸ்டர்டாமில் முதலில் மேடையேறியது. நெதர்லாந்துக் கடலோர மீனவர் ஊர் ஒன்றின் கதை. புருஷனையும் இரண்டு மகன்களையும் ஏற்கெனவே கடலுக்குக் கொடுத்தவள் க்னீர்த்யே. மிச்சமிருக்கிற இரண்டு பேரும் போஸின் கப்பலில் ஏற வேண்டும். கப்பலின் மரம் உளுத்துப்போயிருக்கிறது. கப்பல் தச்சன் எச்சரித்தும் பார்க்கிறான். ஆனால் அவன் குடிகாரன், யார் மதிப்பார்கள்? இளையவன் பாரென்ட் பயந்து, வீட்டுக் கதவு நிலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று கதறுகிறான். போலீஸ் வந்து கையைப் பிரித்து இழுத்துப்போகிறது. அவன் பயத்தை எண்ணிக் கூசிப்போகிறவள் பெற்ற தாயேதான். வறுமை அவளையும் முதலாளி பக்கம் நிற்க வைத்துவிடுகிறது.

கடைசி அங்கம் முழுக்க போஸின் ஆபீஸில். கப்பல் மூழ்கிப்போய்விட்டது, ஆட்களும் போய்விட்டார்கள். போஸ் மீசையை முறுக்கிச் சிரிக்கும் வில்லன் இல்லை. அவனுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது, அவ்வளவுதான். அவன் மனைவி இறந்தவர்களின் குடும்பங்களுக்கு நிதி திரட்டுகிறாள். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்க்கு ஒரு பாத்திரத்தில் சாப்பாடும் கொடுத்து அனுப்புகிறார்கள். நல்ல மனுஷர்கள்! அந்த நல்ல மனசுதான் எனக்கு எரிச்சல் மூட்டுகிறது. போஸ் அயோக்கியனாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம்.

1909இல் நெதர்லாந்தில் கப்பல் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்கு இந்த நாடகமும் ஒரு காரணம் என்பார்கள். இருக்கலாம். ஆனால் சட்டம் வந்தவுடன் வேலை முடிந்துபோகிற நாடகம் இல்லை இது. க்னீர்த்யேவாக நடித்த எஸ்தர் தெ பூர்-ஃபான் ரைக் ஆயிரம் தடவைக்கு மேல் அந்த வேஷம் கட்டினார்.

ஹெய்யர்மான்ஸ் 1864இல் ராட்டர்டாமில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பழந்துணி வியாபாரம் செய்து நொடித்தார், பிறகு பத்திரிகைக்காரர், சோஷலிஸ்ட். 1893இல் அவருடைய முதல் நாடகத்தை விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். மனுஷர் உடனே ஒரு ரஷ்யப் பெயரை வைத்துக்கொண்டு இன்னொரு நாடகம் போட்டார். இந்தத் தடவை பாராட்டு! (இந்தக் குசும்புக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.)

பிற்காலத்தில் அவரே நாடகக் கம்பெனி நடத்தினார், அதாவது சம்பளம் கொடுக்கிற முதலாளி ஆனார். கம்பெனி கவிழ்ந்தது, கடன் மிஞ்சியது. 1924இல் இறந்தபோது அவருக்கு அறுபது வயதுகூட நிறையவில்லை.