மார்க் போட்டு ஊரைத் தேடின கூத்து

இரண்டாவது தலைமையகத்துக்கு இடம் தேடுறோம்னு அமெரிக்க கம்பெனி அமேசான் 2017 செப்டம்பர்ல அறிவிச்சது. 50,000 வேலை, 500 கோடி டாலர் முதலீடு. எங்க ஊருக்கு வாங்கன்னு 238 விண்ணப்பம் குவிஞ்சது. அதை விடுங்க. எந்த ஊருக்குக் கிடைக்கும்னு ஆளாளுக்கு ஒரு தரவரிசை போட்டாங்களே, அதை நினைச்சா இன்னிக்கும் பத்திக்கிட்டு வருது.

பொருளாதார ஆய்வு நிறுவனமான மூடிஸ் அனலிட்டிக்ஸ், ஆஸ்டினை முதல் இடத்துல வெச்சது. நியூயார்க் டைம்ஸ் ஊர் ஊரா கழிச்சுக் கடைசில டென்வர்ல வந்து நின்னது. அமேசான் போட்ட நிபந்தனை ஒண்ணுதான், விடை மட்டும் ஆளுக்கு ஒண்ணு. ஏன்னா வாடகைக்கு எத்தனை மார்க், ஆள்பலத்துக்கு எத்தனை மார்க்னு முடிவு பண்றது பட்டியல் போடுறவர். வாடகை மார்க்கை ஏத்தினா சின்ன ஊர் மேல வரும், இறக்கினா பெரிய ஊர். மூடிஸ் பட்டியல்ல முன்வரிசையில இருந்த ராச்செஸ்டர், அமேசான் தேர்ந்தெடுத்த 20 இடத்துல ஒண்ணாக்கூட வரலை!

இதுல பெரிய அபத்தம் எல்லாத்தையும் கூட்டிச் சராசரி எடுக்கிறது. பத்து லட்சத்துக்கு மேல மக்கள்தொகை, 45 நிமிஷத்துல விமான நிலையம்னு அமேசான் கேட்டது சல்லடை மாதிரி. தேறினா உள்ள, இல்லேன்னா வெளிய. பட்டியல் போட்டவங்க என்னடான்னா, பொறியாளர் கிடைக்காத குறையை மலிவு வாடகையால ஈடு கட்டுறாங்க. 50,000 பேரை எடுக்க வேண்டியவனுக்கு, ஆளே இல்லாத ஊர்ல வாடகை மலிவா இருந்து என்னய்யா பிரயோஜனம்?

கடைசில 2018 நவம்பர்ல என்ன ஆச்சு? ஒரே ஊருன்னு சொன்னதையே ரெண்டாப் பிளந்து நியூயார்க்குக்குப் பாதி, வாஷிங்டனை ஒட்டி இருக்கிற, வர்ஜீனியாவோட ஆர்லிங்டனுக்குப் பாதி. அமேசானை ஆரம்பிச்ச பெசோஸுக்கு வாஷிங்டன்ல வீடு இருக்கு, வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையும் அவர்து. இதுக்கு எத்தனை மார்க் சார்? 2019 பிப்ரவரில உள்ளூர் எதிர்ப்பால நியூயார்க்கை விட்டே கிளம்பிட்டாங்க. அதுக்கு எத்தனை?

சரி, அரசாங்கம் தர்ற சலுகைதான் தீர்மானிச்சதுன்னு சொல்வீங்களா? நியூஜெர்சியோட நியூவார்க் 700 கோடி டாலர் காட்டினது. மேரிலாந்து மாநிலம் 850 கோடி. ஜார்ஜியாவுல ஸ்டோன்க்ரெஸ்ட்னு ஒரு ஊர், 345 ஏக்கரைப் பிரிச்சு 'அமேசான்'னே பேர் வெக்கிறோம்னு நின்னது. மேரிலாந்துக்கு அடுத்த வீட்டுக்காரன் வர்ஜீனியா, நேரடி ஊக்கத்தொகையா 57.3 கோடி சொல்லிட்டுத் தட்டிட்டுப் போயிட்டான்.

இவ்வளவுக்கு அப்புறமும் வெட்கமே இல்லை. நாளைக்கே இன்னொரு கம்பெனி வாயைத் திறக்கட்டும், அதே எக்செல் தாளோட வந்து நிப்பாங்க, புள்ளிக்கு அப்புறம் ரெண்டு இலக்கம் வரைக்கும் துல்லியமா!