ஸ்கிட் ஸ்டீர் ஹைட்ராலிக்ஸில் டெஃப்லான் டேப் எதற்கு?

தண்ணீர்க் குழாய் மரையில் டேப் சுற்றும் பழக்கத்தை, ஸ்கிட் ஸ்டீர் லோடர் என்ற சிறிய மண் அள்ளும் இயந்திரத்தின் ஆக்ஸிலரி லைனிலும் (முன்னால் மாட்டும் கருவிகளுக்கு எண்ணெய் கொண்டுபோகும் ஹைட்ராலிக் குழாய்) காட்டுகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஜேஐசி (JIC) என்ற கூம்பு முனை ஃபிட்டிங்கில், அதாவது குழாய் இணைப்பில், எண்ணெயை அடைப்பது மரை அல்ல, 37 டிகிரி கூம்பு. ஓஆர்பி (ORB) என்ற இன்னொரு வகை ஃபிட்டிங்கில் அடைப்பது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். இரண்டிலும் மரை இழுத்துப் பிடிக்க மட்டுமே. அதில் டேப் சுற்றினால் கசிவு நிற்காது. பிய்ந்த துணுக்கு வால்வு ஸ்பூலில் (எண்ணெயைத் திருப்பிவிட வால்வுக்குள் நகரும் தண்டு) போய்ச் சிக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு கொடுமை: அரை அங்குல ஜேஐசி, ஓஆர்பி இரண்டுக்குமே மரை 3/4-16 (முக்கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 16 மரை). ஒன்றில் மற்றது சுகமாக ஏறிவிடும், ஆனால் அடைக்காது. ஒழுகுகிறதே என்று இன்னும் இறுக்கினால் கூம்பு விரிசல் விடும். 200 பார் அழுத்தத்தில் விளையாட்டா இது?

ஒழுகினால் எஞ்சினை நிறுத்தி, ஆக்ஸிலரி அழுத்தத்தை முழுக்க இறக்கிவிட்டுக் கழற்றுங்கள். கூம்பில் கீறல் இருக்கிறதா, ஓ-ரிங் நசுங்கியிருக்கிறதா பாருங்கள். புது ஓ-ரிங்கில் எண்ணெய் தடவி மாட்டுங்கள். கசிவைக் கையால் தடவித் தேடவே தேடாதீர்கள். ஊசித்துளை எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். கைக்குப் பதில் ஒரு காகித அட்டையைக் கசியும் இடத்தருகே காட்டி, எண்ணெய் படுகிறதா பாருங்கள்.