மாடுலஸுக்குள் மைனஸைப் பிளஸ் ஆக்கினால் போதுமா?

கணக்கில் | | என்ற இரு கோடுகளுக்குள் எழுதுவதுதான் மாடுலஸ், அதாவது மட்டு மதிப்பு. ஈரோட்டுப் பக்கம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில், "மாடுலஸ் கோட்டுக்குள்ள இருக்கிற மைனஸை எல்லாம் பிளஸ் ஆக்குங்க, விடை வந்துரும்" என்று ஒரு குறிப்பு சுற்றுகிறது. அது தவறு. தயவுசெய்து பிள்ளைகளுக்கு அனுப்பாதீர்கள்.

|எக்ஸ் − 5| என்பதை எக்ஸ் + 5 என்று எழுதிய வீட்டுப்பாட நோட்டு ஒன்றை நேற்று பார்த்தேன். சரி, எக்ஸ் = 2 என்று போடுங்கள். உள்ளே −3, மட்டு மதிப்பு 3. அந்தக் குறிப்புப்படி 7 வருகிறது!

மட்டு மதிப்பு என்பது தூரம். |எக்ஸ் − 5| என்றால் எக்ஸுக்கும் 5-க்கும் இடையே உள்ள தூரம். ஈரோட்டிலிருந்து பெருந்துறை எவ்வளவோ, பெருந்துறையிலிருந்து ஈரோடும் அவ்வளவுதான். எக்ஸ் 5 அல்லது அதற்கு மேல் என்றால் விடை எக்ஸ் − 5. 5-க்குக் கீழே என்றால் 5 − எக்ஸ்.

அப்புறம், |−எக்ஸ்| = எக்ஸ் என்பதும் எப்போதும் சரியில்லைங்க. எக்ஸ் = −4 என்றால் விடை 4, −4 அல்ல.