உண்மை விளக்கம்: பிஸ்டலில் தெரியும் சிவப்புப் புள்ளி லேசரா?

மட்டக்களப்பு, கல்முனைப் பக்க வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றுகிறது. பிஸ்டலின் மேல் பூட்டும் சிறு கண்ணாடியில் தெரியும் சிவப்புப் புள்ளி லேசராம், ஆளின் மேல் போய் விழுமாம், கண்ணாடியின் நடுவில் நிற்காவிட்டால் சன்னம் விலகுமாம். இரண்டும் பிழை.

குறிபார்க்க உதவும் இந்தக் கருவிக்குள் இருக்கும் சின்ன எல்ஈடி விளக்கின் ஒளி, பூச்சுப் பூசிய வளைந்த கண்ணாடியில் பட்டுச் சுடுபவரின் கண்ணுக்கே திரும்புகிறது. இலக்கில் எதுவும் விழாது. ஆகவே, 'என் மேல் சிவப்பு வெளிச்சம் இல்லை, துவக்கு என்னை நோக்கவில்லை' என்று யாரும் தயவுசெய்து நம்ப வேண்டாம். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

தலையைச் சற்று அசைத்தால் புள்ளி கண்ணாடியின் ஓரத்துக்குப் போகும். ஆனால் சுடுபவரின் கண்ணுக்கு அது இலக்கின் மேல் ஏறக்குறைய அதே இடத்தில்தான் தெரியும். கிட்டத் தூரத்தில் சிறு விலகல் உண்டு, அவ்வளவுதான். புள்ளியே காணாமல் போனால் பெரும்பாலும் மணிக்கட்டு சாய்ந்திருக்கிறது. முன்கூட்டியே சரிபார்த்துப் பொருத்திய கருவியில் குறி தப்பப் பெரிய காரணம், விசையை வெடுக்கென்று இழுப்பது.

ஒலிம்பிக் வீரர்களும் இதைத்தான் பாவிக்கிறார்கள் என்பதும் பொய். அங்கே பிஸ்டல் போட்டிகளில் திறந்த குறிகாட்டிகளுக்கு, அதாவது கண்ணாடியோ விளக்கோ இல்லாதவற்றுக்கு மட்டுமே அனுமதி.