ஆறுதல் சொல்ல மறுத்த உளவியலாளர்

"மனநலச் சிகிச்சை என்பது காசு கொடுத்துப் புலம்புவது. அதற்குப் பக்கத்து வீட்டுத் திண்ணை போதும்" என்று நண்பர் ஒருவர் போன வாரம் எழுதியிருந்தார். கீழே ஏகப்பட்ட விருப்பக்குறிகள். ஆறு ஆண்டுகளுக்கு முன்பென்றால் நானும் ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்திருப்பேன். இப்போது கை வரவில்லை. ஆனால் அவர் மேல் கோபமும் வரவில்லை. அவர் சொல்லும் அந்தப் புலம்பலை நானும் காசு கொடுத்துச் செய்திருக்கிறேன்.

எனக்கு இருப்பது ஓ.சி.டி. என்ற மனநோய். பத்திரிகைகளில் அதை எண்ணச் சுழற்சி நோய் என்று எழுதுகிறார்கள். அலமாரியை ஒழுங்காக அடுக்கி வைப்பவரைக் கேலி செய்ய இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறவர்கள் ஒரே ஒரு நாள் என் காலைப் பொழுதை வாங்கிப் பார்க்கலாம். வீட்டைப் பூட்டுவேன். பூட்டை இழுத்துப் பார்ப்பேன். படியிறங்கி வண்டியைக் கிளப்பித் தெருமுனை திரும்புவதற்குள் உள்ளே ஒரு குரல் கேட்கும்: பூட்டினாயா? திரும்பி வருவேன், இழுப்பேன், போவேன். மறுபடியும் வருவேன். ஒரு நாள் பதினொரு முறை. இழுத்து இழுத்து நாதாங்கியின் ஆணியே தளர்ந்து, ஆசாரியை வரவழைத்து மாற்ற வேண்டியதாயிற்று. "திருடன் யாராவது முயற்சி செய்தானா சார்?" என்று அவர் கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

பூட்டுக்குப் பிறகு கேஸ் சிலிண்டர். பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு வடிவியல் நடத்திக்கொண்டிருப்பேன். மனக்கண்ணில் ரெகுலேட்டரின் குமிழ் தெரியும். அது மூடியிருக்கிறது என்று புத்திக்குத் தெரியும். இந்த நோயில் புத்திக்குத் தெரிவதால் காலணாவுக்குப் பயனில்லை.

முதலில் போனது ஓர் ஆலோசகரிடம். அருமையான மனிதர். ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்டார். என் அம்மாவைப் பற்றி, திருமணத்தைப் பற்றி, தலைமையாசிரியரைப் பற்றி எல்லாம் பேசினேன். வெளியே வரும்போது மனம் லேசாக இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் பழையபடி கனத்துவிட்டது. மூன்றாம் அமர்வில் அவர் ஒரு ரப்பர் பேண்டை எடுத்து என் மணிக்கட்டில் மாட்டினார். அந்த எண்ணம் வரும்போதெல்லாம் சுண்டிவிட்டு, மனத்துக்குள் 'நிறுத்து' என்று சொல்ல வேண்டும். மணிக்கட்டு சிவந்து தடித்ததுதான் மிச்சம். "சார், பச்சை குத்தியிருக்கிறீர்களா?" என்று ஒரு மாணவன் கேட்டான். அடுத்த யோசனை இன்னும் பிரமாதம்: பூட்டியதும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்தில் என் கைபேசியில் 400க்கும் மேற்பட்ட பூட்டுப் படங்கள். இது இன்றைய படமா, நேற்றைய படமா என்று புதிதாக ஒரு சந்தேகமும் சேர்ந்துகொண்டது.

குரங்கை நினைத்துக்கொண்டு மருந்து குடிக்காதே என்று வைத்தியர் சொன்ன கதை நமக்கெல்லாம் தெரியும். 1987இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் அதையே ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்தார். குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடி. ஐந்து நிமிடம் அதை நினைக்காதீர்கள், நினைத்தால் மணியடியுங்கள் என்றார். மாணவர்கள் மணியடித்துக்கொண்டே இருந்தார்கள். நம் கிழவிகளுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் 1987க்கும் பல பத்தாண்டுகள் கழித்து ஒருவர் என் கையில் ரப்பர் பேண்டை மாட்டுகிறார் என்றால், அவர் அன்பானவர் என்பது எனக்கு என்ன சமாதானம்?

இரண்டாவதாகப் போனது ஒரு மருத்துவ உளவியலாளரிடம். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளைய பெண். முதல் நாளே பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளை வைத்து மதிப்பெண் போட்டார். யேல்-பிரவுன் அளவுகோல் என்று பெயராம். நாற்பதுக்கு 26 வாங்கினேன். என் வாழ்க்கையில் மதிப்பெண் அதிகம் வாங்கி வருத்தப்பட்டது அன்றுதான். பிறகு ஓர் ஏணி வரையச் சொன்னார். கீழ்ப்படியில் கொஞ்சம் பயம், மேல்படியில் உயிர் போகிற பயம். ஒவ்வொரு படிக்கும் நூற்றுக்கு எவ்வளவு பயம் என்று ஓர் எண். தெருமுனை வரை திரும்பிப் பார்க்காமல் போவது 40. சிலிண்டரைத் தொட்டுப் பார்க்காமல் பள்ளிக்குப் போவது 70. சோதிக்காமல் வெளியூர் போய் இரவு தங்குவது 95.

நான்காவது அமர்வு. அவருடைய மடிக்கணினி, கைப்பை எல்லாம் மேசை மேலேயே இருந்தன. சாவியை என்னிடம் நீட்டினார். "சார், இந்த அறையை நீங்கள் பூட்டுங்கள். ஒரே முறை. இழுத்துப் பார்க்கக் கூடாது. கீழே போய் டீ குடிக்கலாம்."

பூட்டினேன். கை தானாக மறுபடி பூட்டுக்குப் போனது. அவர் படியிறங்க ஆரம்பித்துவிட்டார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் "எவ்வளவு?" என்றார். 80 என்றேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதே கேள்வி. 85. 90. உள்ளங்கை வேர்த்து டம்ளர் வழுக்கியது. பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்: "பூட்டியிருக்கும் இல்லையா மேடம்?"

"தெரியவில்லையே சார். நானும் பார்க்கவில்லை" என்றார்.

பளாரென்று அறைந்தது போல இருந்தது. ஆறுதல் சொல்லத்தானே இவருக்குக் காசு கொடுக்கிறேன்? "ஒன்றும் ஆகாது" என்ற இரண்டு சொல்லுக்கு என்ன பஞ்சம்? எழுந்து மேலே ஓடிவிடலாம் என்று கூடத் தோன்றியது. அவர் பாட்டுக்கு வடையைப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் மடிக்கணினிக்கு இல்லாத அக்கறை எனக்கு எதற்கு என்ற எரிச்சலில் உட்கார்ந்தே இருந்தேன். 85. 70. டீயில் ஆடை படிந்துவிட்டது. 55. நாற்பது நிமிடம் போல ஆகியிருக்கும், 35 என்றேன். நான் எதையும் சரிபார்க்கவில்லை; யாரும் எனக்கு உறுதி சொல்லவில்லை; ஆனாலும் பயம் இறங்கியிருந்தது. இத்தனை ஆண்டுகளில் ஒருமுறை கூட அது தானாக இறங்குவதை நான் பார்த்ததில்லை. இறங்கவிட்டதே இல்லை. அதற்குள் ஓடிப்போய் இழுத்துப் பார்த்துவிடுவேன்.

இந்த முறைக்கு இ.ஆர்.பி. என்று பெயர். பயத்தின் எதிரில் நிற்பது, வழக்கமான சடங்கைச் செய்யாமல் இருப்பது: இரண்டும் சேர்ந்ததுதான் சிகிச்சை. 1966இல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இரண்டு நோயாளிகளுக்கு இதைச் செய்து எழுதினார். அதில் ஒருவர் ஓயாமல் கழுவிக்கொண்டே இருந்த பெண். அவரை அசுத்தம் என்று அவர் அஞ்சிய பொருள்களைத் தொட வைத்து, கழுவ முடியாதபடி செவிலியர்கள் கூடவே இருந்தார்கள். கேட்கும்போது கொடுமையாக இருக்கிறது அல்லவா? அதற்கு முன்பு வேறு சிகிச்சைகள் பலவும் அந்தப் பெண்ணிடம் தோற்றிருந்தன. பிறகு எட்னா ஃபோவா போன்ற உளவியலாளர்கள் அமெரிக்காவில் இதை முறையாகச் சோதித்து வளர்த்தார்கள். இன்று ஓ.சி.டி.க்கு உரையாடல்வழிச் சிகிச்சை என்றால் முதலில் சொல்லப்படுவது இதுதான்.

என் மனைவிக்கும் ஓர் அமர்வு இருந்தது. இத்தனை ஆண்டுகளாக நான் "பூட்டினேனா?" என்று கேட்க, அவள் "பூட்டியாயிற்று, வாருங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அன்பினால்தான். அந்த அன்புதான் நோய்க்குத் தீனி என்று அன்று தெரிந்தது. இனி அப்படிக் கேட்டால் "பூட்டியிருக்கலாம், பூட்டாமலும் இருக்கலாம்" என்று சொல்ல வேண்டும் என்றார் உளவியலாளர். அன்று வீடு திரும்பும் வழியில் அவள் அழுதாள். கட்டிய கணவனிடம் அப்படி எப்படிச் சொல்வது என்று.

நண்பரின் திண்ணைக்கு இப்போது வருகிறேன். திண்ணையில் ஆறுதல் கிடைக்கும், அறிவுரை கிடைக்கும். எனக்கு அவை இரண்டுமே விஷம். பக்கத்து வீட்டுக்காரர் எவரும் நாற்பது நிமிடம் என் முகத்துக்கு நேரே உட்கார்ந்து "தெரியவில்லையே" என்று சொல்லமாட்டார். அதற்குப் படிப்பும் பயிற்சியும் வேண்டும்.

இதனால் மற்ற வழிமுறைகள் எல்லாம் வீண் என்று சொல்லவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அப்பா இறந்தபோது வேறொருவரிடம் போனேன். அவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வழியில் வந்தவர்: வீட்டுப்பாடம் கிடையாது, ஏணி கிடையாது, திருத்துவது கிடையாது, கேட்பதும், கேட்டதை நமக்கே பிடிபடும்படி திருப்பிச் சொல்வதும்தான். துக்கத்துக்கு அதுதான் வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் யாராவது என் எண்ணங்களைத் தாளில் எழுதச் சொல்லி, இதற்கு ஆதாரம் என்ன, எதிராதாரம் என்ன என்று அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் வழியில் கேட்டிருந்தால் எழுந்து வந்திருப்பேன். பெக்கின் வழி மனச்சோர்வில் எத்தனையோ பேரைக் கரையேற்றியிருக்கிறது என்பது வேறு விஷயம்.

1960களில் அமெரிக்காவில் ஒரு பயிற்சிப் படம் எடுத்தார்கள். ஒரே பெண், மூன்று நிபுணர்கள்: ரோஜர்ஸ், ஃப்ரிட்ஸ் பெர்ல்ஸ், ஆல்பர்ட் எல்லிஸ். ஒருவர் கனிவாகக் கேட்கிறார், ஒருவர் சீண்டுகிறார், ஒருவர் பாடம் நடத்துகிறார். மூன்றும் சிகிச்சைதான். எல்லா முறைகளும் ஏறக்குறைய ஒரே பலனைத் தருகின்றன, சிகிச்சையாளருக்கும் வந்தவருக்கும் உள்ள உறவே முக்கியம் என்ற வாதம் அமெரிக்க உளவியலாளர் சால் ரோசன்ஸ்வைக் 1936இல் எழுதியதிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். என் உளவியலாளர் மேல் நம்பிக்கை இல்லாவிட்டால் டீக்கடை வரை போயிருக்கமாட்டேன். மீதிப் பாதிக்கு என் மணிக்கட்டுத் தழும்பு ஒத்துக்கொள்ளாது. நம்பிக்கை முதல் ஆளிடமும் நிறையவே இருந்தது.

நம்மிடம் ஒரு கெட்ட பழக்கம். கண் அறுவை சிகிச்சை என்றால் எந்த லென்ஸ், எத்தனை நாள் என்று நூறு கேள்வி கேட்போம். மனநலம் என்றால் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிடுவோம். கேளுங்கள் ஐயா. எனக்கு என்ன பிரச்சினை என்று நினைக்கிறீர்கள்? எந்த முறையில் செய்யப் போகிறீர்கள்? அமர்வுக்கும் அமர்வுக்கும் நடுவில் நான் என்ன செய்ய வேண்டும்? பலன் இருக்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்போம்? நல்லவர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். பதில் சொல்லாமல் "என்னை நம்புங்கள்" என்று மட்டும் சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

பெயர்ப்பலகையையும் பாருங்கள். யார் வேண்டுமானாலும் ஆலோசகர் என்று எழுதிக்கொள்கிறார்கள். மருத்துவ உளவியலாளர் என்றால், 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவேட்டில் அவர் பெயரும் எண்ணும் இருக்க வேண்டும். இவர்கள் மருந்து எழுதமாட்டார்கள். அது மனநல மருத்துவரின் வேலை. எனக்கு இரண்டும் சேர்ந்தே நடந்தன.

எல்லோருக்கும் இது எட்டுமா என்றால் எட்டாது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைப்பதில்லை. நான் ஓர் அமர்வுக்கு 1,500 ரூபாய் கொடுத்தேன். மாதச் சம்பளக்காரன் என்பதால் சமாளித்தேன். காப்பீட்டில் மனநோய்க்குப் பாகுபாடு கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் மருத்துவமனையில் படுத்தால்தான் என் பாலிசியில் பணம் வரும். டீக்கடை பெஞ்சில் நடக்கும் சிகிச்சைக்கு யார் பில் தருவார்கள்? இதை எழுதினால் தனிப் பதிவாக நீளும்.

அந்த உளவியலாளரின் பெயரைக் கேட்டு உள்பெட்டிக்கு வராதீர்கள். என் பூட்டுக்குச் சரியான சாவி உங்கள் பூட்டுக்கும் பொருந்தும் என்று நான் எப்படிச் சொல்வது?

இப்போது நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பவர்களுக்கு: அந்த யேல்-பிரவுன் தாளில் கடைசியாகப் போட்ட மதிப்பெண் நாற்பதுக்கு 11. குரல் இன்னும் கேட்கிறது. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் போல, பேசட்டும் என்று விட்டுவிடுகிறேன். போன மாதம் திருச்செந்தூர் கிளம்பினோம். பஸ் ஊரைத் தாண்டியதும் மனைவி என் கையைப் பிடித்து, "என்னங்க, சிலிண்டரை மூடினீர்களா?" என்றாள். "மூடியிருக்கலாம், மூடாமலும் இருக்கலாம்" என்றேன். முறைத்துவிட்டு, எதிர்வீட்டு அக்காவுக்குப் போன் போட்டாள்.