இன்லே ஏரி வீட்டில் ஓர் இரவு: போகும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

மியான்மரின் இன்லே ஏரியில் "தண்ணீர் மேல் ஷான் வீட்டில் ஒரு ராத்திரி" என்று யாராவது விலை சொன்னால், வெளிநாட்டவரைத் தங்கவைக்க அந்த வீட்டுக்கு உரிமம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அங்கே வெளிநாட்டவர் உரிமம் பெற்ற இடத்தில்தான் தங்க வேண்டும். அது போக, வீட்டில் இரவு தங்கும் எந்த விருந்தாளியையும், சொந்தக்காரராக இருந்தாலும், ஊர் நிர்வாகியிடம் பதிய வேண்டும். 2012 சட்டத்தில் இருந்த இந்த விதியை 2016-ல் நீக்கினார்கள், 2021 பிப்ரவரியில் ராணுவம் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. மீறினால் வழக்கு வீட்டுக்காரர் மேல். விருந்தாளி மறுநாள் படகேறிப் போய்விடுவார், விசாரணைக்கு நிற்பது அந்தக் குடும்பம். அதனால் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: உரிமம் இல்லாத வீட்டில், அவர்களே அன்பாகக் கூப்பிட்டாலும் இரவு தங்காதீர்கள். பகலெல்லாம் இருங்கள், சாப்பிடுங்கள், சாப்பாட்டுக்குத் தாராளமாகக் காசு கொடுங்கள், இருட்டுவதற்குள் ஏரிக்குப் பக்கத்திலுள்ள நியாங்ஷ்வே ஊருக்குத் திரும்புங்கள். 2021-க்குப் பிறகு தென் ஷானிலும் பக்கத்துக் கயா மாநிலத்திலும் சண்டை நடந்திருக்கிறது. டிக்கெட் போடும் முன் நம் அரசின் பயண அறிவுரையையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, "ஷான் வீடு" என்ற பெயர். ஏரி இருப்பது ஷான் மாநிலத்தில்தான். ஆனால் தண்ணீர் மேல் குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் இந்தா மக்கள். பர்மிய மொழியில் 'இன்' என்றால் ஏரி, 'தா' என்றால் மகன். அவர்கள் பேசுவது பர்மியத்தின் ஒரு வட்டார வழக்கு. முன்னோர் தெற்கே தவாய்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் சொல்லிவரும் வரலாறு. ஷான் மக்களின் மொழி தாய்லாந்து மொழிக்கு உறவு, அவர்களைக் கரையோரத்திலும் நியாங்ஷ்வேயிலும் பார்க்கலாம். அந்த ஊர் ஷான் சிற்றரசர்களின் தலைநகராக இருந்தது. அதன் கடைசி அரசர் சாவ் ஷ்வே தைக்தான் 1948-ல் சுதந்திர பர்மாவின் முதல் குடியரசுத் தலைவர் ஆனவர். சுற்றியுள்ள மலைகளில் பா-ஓ, டனு, தவுங்யோ மக்கள். இந்தா பாட்டியை நாள் முழுக்க "ஷான்" என்று அழைத்தால் அவர் திருத்த மாட்டார், விருந்தாளி மனம் நோகக் கூடாது என்று விட்டுவிடுவார். "மிங்கலாபா" என்ற வணக்கம் எல்லோருக்கும் பொது. வயதில் மூத்த ஆண் பெயருக்கு முன் 'ஊ', பெண் பெயருக்கு முன் 'டோ' சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி வீடு. ஏரிக்கு ஆழம் அதிகமில்லை. கோடையில் சராசரி இரண்டு மீட்டர்போல, மழைக்கு இன்னும் ஒன்றரை மீட்டர் ஏறும். அந்த ஏற்றத்தைக் கணக்குப் பண்ணித்தான் தளத்தின் உயரம். வீட்டைத் தாங்கும் கால்களை அடிச்சேற்றில் இறக்கி நட்டிருப்பார்கள். நல்ல மரக்கால் நெடுநாள் நிற்கும். மூங்கில் கால் சில வருடங்களில் போய்விடும், அதுவும் தண்ணீர் ஏறி இறங்கும் பகுதியில்தான் முதலில் மக்கும். ஈரமும் காற்றும் மாறி மாறிப் படுகிற இடம் அது. சுவர் மூங்கில் தட்டி. தளம் பலகை, அல்லது பிளந்த மூங்கில். மூங்கில் தளத்தில் இரண்டு உத்தரங்களுக்கு நடுவே மிதித்தால் தொய்யும், கீழே உத்தரம் ஓடும் வரிசையில் கால் வையுங்கள். ஆணியோ கட்டோ கோடாகத் தெரியும் இடம் அதுதான். கனமான பெட்டியைத் தூண் ஓரமாக வையுங்கள். மூக்குக்கண்ணாடி, போன், மோதிரம் எது இடுக்கில் விழுந்தாலும் நேராக ஏரிதான், சேறு விழுங்கினால் திரும்பக் கிடைக்காது. படுக்கும் முன் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். ஆனால் எந்தத் தூணில் மாட்டலாம் என்று கேட்டு மாட்டுங்கள். பல பர்மிய வீடுகளில் தென்கிழக்குத் தூணில் வீட்டுக் காவல் தெய்வத்துக்கான தேங்காய் தொங்கும், அதில் பை மாட்டுவது பெரிய அவமரியாதை.

புத்தர் மாடம் பெரும்பாலும் கிழக்குச் சுவரில் இருக்கும். கால் அந்தப் பக்கம் நீளக் கூடாது. பாயை அவர்கள் எந்தப் பக்கமாக விரித்தார்களோ அப்படியே படுங்கள், காற்று வருகிறதென்று திருப்பிப் போடாதீர்கள். பெண்களின் லுங்கியை ஆட்கள் தலைக்கு மேலே வருகிற கொடியில் காயப்போடக் கூடாது. கொசுவர்த்தியைத் தகரத் தட்டில் வைத்து, தட்டியிலிருந்து தள்ளி வையுங்கள். காய்ந்த மூங்கில் பற்றினால் வரிசை வீடுகள் அத்தனையும் போகும். கொசுவலை கொண்டுபோனால் வர்த்தியே தேவையில்லை.

பலர் தவறு செய்வது தண்ணீர் விஷயத்தில். ஏரியில் குளிக்கலாம். ஆனால் அந்தத் தண்ணீரில் பல் துலக்காதீர்கள், வாய் கொப்பளிக்காதீர்கள். சில வீடுகளின் கழிவறை நேரே ஏரிக்குள் போகிறது. மிதக்கும் தோட்டங்களின் தக்காளிக்கு அடிக்கும் பூச்சிமருந்தும் உரமும் அதே தண்ணீரில்தான் கலக்கின்றன. குடிதண்ணீரைப் படகில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும், குளித்துவிட்டு அந்தக் கேனிலிருந்து கால் கழுவினால் அடுத்த கேனுக்கு அவர்கள் துடுப்புப் போட வேண்டும். குளிப்பது படித்துறையில், எல்லோர் கண்ணிலும் படும்படி. ஆண்கள் லுங்கியோடு, பெண்கள் மார்பு வரை கட்டிய லுங்கியோடு. நம் ஊர்க் குளத்தங்கரைப் பழக்கம்தான், சொல்லித்தர வேண்டியதில்லை. ஈரத்துடைப்புத் தாள், நாப்கின், மருந்து அட்டை எதையும் கழிவறையில் போடாமல் பையில் கட்டி நியாங்ஷ்வேக்கே திரும்பக் கொண்டுவாருங்கள்.

சாப்பாட்டில் நமக்குப் பிடிபடும் பண்டம் ஷான் தோஹு, அதாவது ஷான் டோஃபு. சோயா இல்லை, கடலை மாவு. ஒரு பங்கு மாவுக்கு மூன்று நான்கு பங்கு தண்ணீர், கொஞ்சம் மஞ்சள், உப்பு. கட்டியில்லாமல் கரைத்து, வடிகட்டி, அடுப்பில் கைவிடாமல் கிளறி, தட்டில் ஊற்றி ஆறவிட்டால் இறுகிவிடும். கிளறுவதைப் பாதியில் நிறுத்தினால் பச்சை வாசனை போகாது, துண்டு போடவும் வராது. இறுகும் முன் சூடாக நூடுல்ஸ் மேல் ஊற்றித் தருவதும் உண்டு. (சென்னைக் கடற்கரைப் பக்கத்து அத்தோவை மனதில் வைத்துக்கொண்டு ஷான் நூடுல்ஸ் கேட்காதீர்கள், இரண்டும் வேறு.) சோற்றை மஞ்சள், தக்காளி, மீனோடு பிசைந்து உருட்டியது தமின்-ஜின். சைவர்கள் கவனிக்க வேண்டியது ஙாபி, அதாவது மீன் அல்லது இறால் விழுது. கீரையிலும் அது இருக்கும். "தெத்தட்லுட்" என்று சொன்னால் சைவம் என்று புரிந்துகொள்வார்கள். அதை முந்தின நாளே சொல்லுங்கள், சமைத்து முடித்தபின் சொன்னால் வீட்டம்மா மறுபடி அடுப்பு மூட்டுவார். மூத்தவர் எடுத்த பிறகே எடுங்கள்.

படகில் ஏறும்போது நடுவில் கால் வைத்து உடனே உட்காருங்கள். டிசம்பர், ஜனவரி விடிகாலையில் குளிர் 10 டிகிரியை ஒட்டி இறங்கும், கம்பளியும் காதை மூடத் துணியும் வேண்டும். வீடுகளுக்கு நடுவே போகும்போது வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். மோட்டார் படகின் அலை வீட்டுக் கால்களிலும், மூங்கில் குத்தி நிறுத்திய தோட்டப் பாத்திகளிலும், ஒற்றைக் காலால் துடுப்பு வலிப்பவரின் சிறு தோணியிலும் போய் அடிக்கும். பாத்தி பார்க்கத் தரை மாதிரி இருக்கும். களையும் வேருமாகப் பின்னிய மிதவை அது, ஏறி நிற்காதீர்கள்.

2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில், 7.7 அளவில், ஏரி ஊர்களில் ஏராளமான வீடுகள் தண்ணீருக்குள் சரிந்தன. எனவே இப்போது முன்பதிவு செய்கிறவர்கள் பழைய படத்தை நம்பாமல், வீடு நிற்கிறதா, கால்கள் மாற்றியாகிவிட்டதா என்று கேட்டுப் பணம் கட்டுங்கள். வாடகையில் பேரம் வேண்டாம். டாலராகக் கொடுப்பதென்றால் மடிப்பும் கறையும் இல்லாத நோட்டாகக் கொடுங்கள், மடங்கிய நோட்டை மாற்றப் போனால் அவர்களிடம் வாங்க மாட்டார்கள். கொடுக்கும்போது வலது கையை நீட்டி, இடது கையால் முழங்கையைத் தாங்கி, வீட்டுப் பெரியவர் கையிலேயே கொடுங்கள்.